ஜன்னலோர சீட்டும் வேடிக்கையும்

போன மாசம் ஆபீஸ்ல சீட் மாத்தினாங்க. ஏழாவது மாடி, ஜன்னலோரம். ஒரே குஷி. மறுநாளே ரெண்டு பேர் வந்து, கண்ணாடி பூரா சோப்புத் தண்ணி அடிச்சு, ஒரு பிலிமை ஒட்டிட்டுப் போனாங்க. வெயிலுக்கான்னு கேட்டேன். "இல்ல சார், உடைஞ்சா சிதறாம இருக்க"ன்னார். ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம் இதோட பூர்வீகத்தைத் தோண்டினேன். கொஞ்சம் பயங்கரமாத்தான் இருக்கு மக்களே.

1917 டிசம்பர் 6, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். வயிறு முழுக்க வெடிமருந்தோட வந்த மான்ட் பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பல், இன்னொரு கப்பலோட மோதித் தீப்பிடிச்சுது. உள்ளே என்ன சரக்குன்னு ஊர்ல அநேகம் பேருக்குத் தெரியாது. வீடு, பள்ளிக்கூடம், வேலை செய்யற இடம்னு எல்லாரும் ஜன்னல்கிட்ட வந்து வேடிக்கை பார்த்தாங்க. நாமளா இருந்தாலும் அதைத்தானே செய்வோம்? சுமார் இருபது நிமிஷத்துல கப்பல் வெடிச்சுது. செத்தவங்க 1,700க்கும் மேலே. கண்ணாடி பாய்ஞ்சு கண்ணுல அடிபட்டவங்க ஆயிரக்கணக்குல.

இரண்டாம் உலகப் போர்ல லண்டன்காரங்க கொஞ்சம் உஷார் ஆனாங்க. பஸ், ரயில் ஜன்னல்ல வலைத்துணி ஒட்டினாங்க. ஆனா ஜனங்க ஸ்டேஷன் பேர் தெரியலைன்னு அதைப் பிய்ச்சுப் போட, பிய்க்காதீங்கன்னு பில்லி பிரவுன் என்ற கார்ட்டூன் ஆசாமியை வெச்சு போஸ்டரே அடிக்க வேண்டியதாச்சு!

பாலியெஸ்டர் பிலிம் 1960கள்ல வெயிலைத் தடுக்கத்தான் வந்தது. உடைஞ்ச கண்ணாடியையும் பிடிச்சு வெச்சுக்கும்ங்கறது அதோட இன்னொரு குணம். 1992, 93ல ஐ.ஆர்.ஏ. குண்டுகள் லண்டன் வர்த்தகப் பகுதியில ஆபீஸ் கண்ணாடிகளைத் தெருத்தெருவா நொறுக்கின பிறகு அந்தக் குணத்துக்கு மவுசு கூடிச்சு.

1998 ஆகஸ்ட் 7, நைரோபி. அமெரிக்கத் தூதரகத்துக்கு லாரியில வந்தவங்க முதல்ல ஒரு சின்னக் குண்டை வீசினாங்க. சத்தம் கேட்டு தூதரகத்துலயும் சுத்துப்பட்ட ஆபீஸ்கள்லயும் இருந்தவங்க ஜன்னலுக்கு வந்தாங்க. அப்போதான் லாரி வெடிச்சுது. 213 பேர் சாவு. காயம்பட்டவங்க நாலாயிரத்துக்கும் மேலே, அதுல எத்தனையோ பேருக்கு கண்ணாடிச் சில்லால பார்வை போச்சு. ஹாலிஃபாக்ஸுக்கும் இதுக்கும் நடுவுல 81 வருஷம். மனுஷன் மட்டும் மாறவே இல்லை.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பிலிம் ஒட்டினா கண்ணாடி உடையாதுன்னு அர்த்தமில்லை. உடையும், ஆனா சில்லுங்க பிலிம்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அதிர்ச்சி பலமா இருந்தா மொத்தக் கண்ணாடியும் ஒரே பலகையா பெயர்ந்து உள்ளே வரலாம். அதனாலதான் பிலிம் ஓரத்தை சிலிக்கான் பசை போட்டு ஜன்னல் சட்டத்தோட சேர்த்துப் பிணைக்கறாங்க. எங்க ஆபீஸ்ல தடவிப் பார்த்தேன். பிலிம் சட்டத்துக்கு முன்னாலயே நின்னுடுது. அட்மின்ல கேட்டதுக்கு "பட்ஜெட்"னு ஒரே வார்த்தை.

நேத்து சாயங்காலம் கீழே டமால்னு ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மராம். மொத்த ஃப்ளோரும் ஓடி வந்து என் சீட்டுக்கிட்ட கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னுது. முதல் ஆளு யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான்.