கிங்ஸ்ரன் இழந்த கிண்ணம்

மிச்சத்திலிருந்து மேற்கே ஆறேழு மைல் தொலைவில், தேம்ஸ் நதிக்கரையில் அமைந்திருக்கும் நகரம் கிங்ஸ்ரன். 925ஆம் ஆண்டில் அதெல்ஸ்ரன் மன்னன் முடிசூடிய பழம்பெரும் பதி அது. நம்மவர்களில் பலர் அங்கே கடைத்தெருவுக்கும் கல்லூரிக்கும் வேலைக்குமாகச் சென்று வருகின்றனர். ஒரு காலத்தில் பிரித்தானியாவின் தலைசிறந்த கூடைப்பந்தாட்ட அணி இந்நகரின் பெயரையே தாங்கியிருந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அவ்வணி 1988ஆம் ஆண்டில் ஊரை விட்டே சென்றது. சென்ற இடத்தில் நாட்டின் வெற்றிக்கிண்ணத்தையும் வென்றது. அந்த 1988–89 போட்டிப் பருவத்தின் கதை விளையாட்டில் ஆர்வமில்லாதவர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

முதலில் இவ்வாட்டத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாத மாணவர்களுக்கென இதனை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரில் மாட்டியே முதலாட்டம் நடைபெற்றது. மண்டபத்துள் ஆடும் ஆட்டமாகவே அது பிறந்தது. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐவர். மாற்று வீரர்களையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர். சொந்தமாக மைதானமோ, ஆயிரக்கணக்கானோர் அமரும் பார்வையாளர் மேடையோ ஓர் அணிக்கு அவசியமில்லை. நகரசபையின் விளையாட்டு மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்தாற் போதும். கிங்ஸ்ரன் அணியும் ரோல்வேர்த் பகுதியிலிருந்த பொது விளையாட்டு மண்டபத்திலேயே ஆடியது. தொடங்குவதற்கு எளிதான இந்த அமைப்பு, தூக்கிச் செல்வதற்கும் எளிதானது. மைதானத்தைப் பெயர்த்தெடுக்க முடியாது. பத்து வீரர்களைப் பேருந்தில் ஏற்றிவிடலாம்.

இங்கிலாந்தில் தேசிய கூடைப்பந்தாட்ட லீக் 1972இல் ஆறு அணிகளுடன் தொடங்கியது. எழுபதுகளில் நமக்கு மறுபக்கத்து அயலான கிறிஸ்ரல் பலஸ் அணியே கோலோச்சியது. எண்பதுகளின் நடுப்பகுதியில் கிங்ஸ்ரன் எழுந்தது. தேசியக் கிண்ணத்தை அது மீண்டும் மீண்டும் வென்றது. 1987இல் முன்னணிக் கழகங்கள் தாமே பொறுப்பேற்றுப் பிரித்தானிய கூடைப்பந்தாட்ட லீக்கை அமைத்தன. அக்காலத்தில் பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் தம் பெயரில் கூடைப்பந்தாட்ட அணிகளையும் நடத்த முன்வந்திருந்தன. மன்செஸ்ரர் யுனைற்றட் ஓர் அணியை வைத்திருந்தது. போர்ட்ஸ்மவுத்தும் அவ்வாறே. புதிய அமைப்பின் முதற் பருவத்தில், 1987–88இல், லீக் பட்டம் போர்ட்ஸ்மவுத்துக்கே கிடைத்தது.

இச்சூழலில்தான் கிங்ஸ்ரன் அணி ஸ்கொட்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. கிளாஸ்கோவின் புகழ்பெற்ற உதைபந்தாட்டக் கழகமான றேஞ்சேர்ஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தென்மேற்கு இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே ஏறத்தாழ 400 மைல். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பிள்ளைகளுடன் ரோல்வேர்த்துக்குச் சென்று கைதட்டிய இரசிகரால் அவ்வளவு தூரம் பின்தொடர்ந்து செல்ல இயலுமா? புதிய நகரிலோ, உதைபந்தாட்டத்தில் ஊறிய மக்களுக்கு இவ்வாட்டம் அவ்வளவு பழக்கமானதன்று.

எனினும் ஆட்டத்தில் அவ்வணி குறை வைக்கவில்லை. அமெரிக்கரான கெவின் காடில் பயிற்றுநராக இருந்தார். 1988–89 பருவத்தில் கிளாஸ்கோ றேஞ்சேர்ஸ் லீக் பட்டத்தை வென்றது. பருவ இறுதியில் முன்னணி அணிகளுக்கிடையே விலகல் முறையில் நடைபெறும் வெற்றிவீரர் சுற்றையும் வென்றது. ஒரே ஆண்டில் இரட்டை வெற்றி! ஆனால் அடுத்த பருவத்தின் அட்டவணையில் கிளாஸ்கோ றேஞ்சேர்ஸ் என்றொரு அணி இல்லை. ஓராண்டிலேயே அவ்வணி கிங்ஸ்ரனுக்குத் திரும்பி, பழைய பெயரை மீண்டும் பூண்டது.

திரும்பி வந்ததன் பின் நிகழ்ந்தவையும் வியப்புக்குரியன. 1989–90, 1990–91, 1991–92 ஆகிய மூன்று பருவங்களிலும் கிங்ஸ்ரன் தொடர்ந்து லீக் பட்டத்தைப் பெற்றது. 1990–91இல் ஐரோப்பிய வெற்றிவீரர் கிண்ணப் போட்டியில் மொஸ்கோவின் பலம் வாய்ந்த சிஎஸ்கேஏ அணியை வெளியேற்றி, கண்டத்தின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக நின்றது. பார்சலோனாவும் ஸ்பிளிற்றும் இருந்த வரிசை அது. இத்தனைக்கும் பின்னர், 1992இல் அணி மீண்டும் இடம் மாறிக் கில்ட்ஃபோர்ட் நகரின் பெயரைப் பெற்றது. சில பருவங்களில் அப்பெயரும் மறைந்தது.

இன்று வெற்றியாளர் பட்டியலைப் புரட்டுபவர் 1988–89இற்கு எதிரே கிளாஸ்கோ றேஞ்சேர்ஸ் என்று மட்டுமே காண்பார். அதற்கு அடுத்த மூன்று வரிகளிலும் கிங்ஸ்ரன். நான்கு ஆண்டுகள் இடையறாது நிகழ்ந்த ஓர் ஆட்சி இரு பெயர்களாகப் பிளவுண்டு கிடக்கின்றது. அந்த ஓராண்டின் கிண்ணம் யாருடையது? கிளாஸ்கோ மக்கள் அதனைத் தம்முடையதாகப் பேணுவதற்கு அங்கே அணி இல்லை. கிங்ஸ்ரன் மக்கள் உரிமை கோருவதற்குப் பட்டியலில் அவர்களது பெயர் இல்லை.

அமெரிக்காவில் இது புதுமையன்று. அங்கே அணி என்பது உரிமையாளர் கையிலுள்ள உரிமம். அவர் விரும்பிய நகருக்கு, லீக்கின் இசைவுடன், கொண்டு செல்லலாம். லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கேர்ஸ் அணியின் பெயருக்குக் காரணமான ஏரிகள் கலிபோர்னியாவில் இல்லை. 1960இல் அவ்வணி புறப்பட்டு வந்த மினசோற்றா மாநிலத்தில்தான் உள்ளன. பிரித்தானிய லீக்கும் அந்த உரிம முறையையே கைக்கொண்டது. இன்று இலண்டனின் பெயரைத் தாங்கும் லயன்ஸ் அணி 1998இல் மில்ரன் கீன்ஸ் சென்று, அங்கிருந்து 2012இல் இலண்டன் வந்தது. 1987இல் அமைக்கப்பட்ட அந்த லீக்கே 2024இல் உரிமம் பறிக்கப்பட்டு முடிவுற்று, வேறொரு லீக் அதனிடத்தைப் பெற்றுவிட்டது.

இதற்கு நேரெதிரான ஒரு கதை நம் வீட்டு வாசலிலேயே உண்டு. மிச்சம் அடங்கியுள்ள மேர்ற்றன் நகரசபையின் எல்லைக்குள் இருக்கும் விம்பிள்டனைத்தான் குறிப்பிடுகின்றேன். கிங்ஸ்ரன் அணி வடக்கே சென்ற அதே 1988ஆம் ஆண்டு மே மாதத்தில், விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகம் வெம்பிளியில் பலமிக்க லிவர்பூலை 1–0 என வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1991இல் அக்கழகம் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறியது. 2002இல் அதன் உரிமையாளருக்கு மில்ரன் கீன்ஸ் செல்ல அனுமதி கிடைத்தது. 2003இல் அணி சென்றே விட்டது.

ஆனால் இங்கே மக்கள் வாளாவிருக்கவில்லை. அனுமதி கிடைத்த அந்தக் கோடையிலேயே இரசிகர்கள் கூடி ஏஎஃப்சி விம்பிள்டன் என்னும் புதிய கழகத்தை அமைத்தனர். கிங்ஸ்ரனில் ஒரு சிறு மைதானத்தில், தேசிய லீக்கிற்குப் பல படிகள் கீழேயிருந்து தொடங்கினர். 2011இல் அக்கழகம் உதைபந்தாட்ட லீக்கினுள் நுழைந்தது. 2007இல் மில்ரன் கீன்ஸ் கழகம் பழைய விம்பிள்டனின் சாதனைகளுக்கு இனி உரிமை கோருவதில்லை என ஒப்புக்கொண்டு, கிண்ணங்களையும் நினைவுச் சின்னங்களையும் மேர்ற்றன் நகரசபையிடம் ஒப்படைத்தது. 2020 நவம்பரில் பிளவ் லேனில் புதிய மைதானமும் திறக்கப்பட்டது. அணியைக் கொண்டு சென்றவர்களால் பெயரின் வரலாற்றைக் கொண்டு செல்ல முடியவில்லை. காரணம், அதனைக் கேட்டுப் பெறுவதற்கு ஊரில் மனிதர்கள் இருந்தனர்.

இவ்விரு கதைகளையும் ஈழத்திலிருந்து வந்த நாம் வெறும் விளையாட்டுச் செய்திகளாக வாசிக்க இயலாது. 1990இல் இடம்பெயர்ந்த காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியின் வளவு 2016இல்தான் படையினரிடமிருந்து மீண்டது. இடைப்பட்ட 26 ஆண்டுகளும் அக்கல்லூரி தன் பெயரைக் கைவிடவில்லை. தங்கிய இடத்தின் பெயரைச் சூடிக்கொள்ளவுமில்லை. பள்ளி வளவைக் கண்ணாற் கண்டிராத பிள்ளைகளும் நடேஸ்வராவின் மாணவர்களாகவே பதிவேட்டில் இடம்பெற்றனர். கட்டிடமின்றியும் ஒரு பெயர் வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இலண்டனிலும் நம்மவர் ஊர்களின் பெயரால் விளையாட்டுக் கழகங்களையும், கல்லூரிகளின் பெயரால் பழைய மாணவர் சங்கங்களையும் அமைத்துக் கோடைதோறும் சுற்றுப்போட்டிகள் நடத்தி வருகின்றனர். நம் கழகங்களுக்கும் சொந்த மைதானம் இல்லை. வாடகைத் திடலிலேயே ஆடுகின்றோம். ஆதலால் கிங்ஸ்ரனுக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம். நம்மை எவரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. ஆனால் பெயரை மறக்கும் ஒரு தலைமுறை போதும்.

ஆகவே செயலாளர்களாகவும் பொருளாளர்களாகவும் இருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டக் குறிப்புகளையும் ஆட்டப் பெறுபேறுகளையும் அணிப் படங்களையும் ஆண்டு வாரியாக எழுதித் தொகுத்து வையுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்திலும் கொடுங்கள். கழகத்தில் பிளவு ஏற்பட்டாலும், பெயர் மாறினாலும், கிண்ணம் எங்கிருந்து எங்கு சென்றது என்பதைப் பின்வருவோர் அறியட்டும். 1988–89இன் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு கிங்ஸ்ரன் இருந்ததைச் சொல்ல ஆளின்றிப் போனது போல, நம் ஊர்களின் பெயருக்கும் நேர விடலாகாது.