சிலந்திக்கடியும் சமூக வலியும்: தென் இத்தாலிய வழக்கொன்று பற்றிய குறிப்பு

சிலந்தி கடித்தால் மனிதர் ஆடத் தொடங்குவர்; இசையே அதற்கு மருந்து. தென் இத்தாலியின் அப்புலியாப் பிரதேசத்திற் பல நூற்றாண்டுகளாக நிலவிய இக்கருத்தை அறியாமை எனத் தள்ளிவிடுதல் எளிது. முற்போக்காளராகிய நம்மிற் பலர் அவ்வாறு தள்ளியே பழகியவர்கள். ஆயின், ஒரு தவறான கருத்து ஏன் அத்துணை காலம் வாழ்ந்தது என்ற வினா அதனால் விடைபெறுவதில்லை.

தாரந்தோ நகரின் பெயரால் தரந்துலா எனப்பட்ட பெரிய சிலந்தியே குற்றவாளியாகக் கருதப்பட்டது. நிலத்தில் வளைதோண்டி வாழும் அதன் கடி, கடித்த இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தருமேயன்றிப் பெருந்தீங்கு செய்வதன்று. உண்மையில் அஞ்சத்தக்கது அவ்வயல்களில் வாழும் வேறொரு சிறிய கருஞ்சிலந்தி; உடலிற் பதின்மூன்று செம்புள்ளிகளைக் கொண்டது. அதன் நஞ்சு கடும் தசைப்பிடிப்பையும் வியர்வையையும் மன அமைதியின்மையையும் உண்டாக்கும். அறுவடைக் காலத்தில் இதன் கடியுண்டு துடித்தவரைக் கண்ட உழவர், கண்ணிற்பட்ட பெரிய சிலந்திமீது பழியைச் சுமத்தினர் எனக் கொள்ளலாம். எனினும் எந்தச் சிலந்தியின் நஞ்சும் எவரையும் ஆண்டுதோறும் ஆடவைப்பதில்லை.

கற்றோரும் தெளிவு பெற்றிருந்தாரல்லர். 1641இல் அதனாசியுஸ் கிர்ஷர் என்னும் யேசுசபைத் துறவி, இந்நோய்க்குரிய இசையைச் சுரக்குறிகளுடன் அச்சேற்றினார். 1742இல் நேப்பிள்ஸ் மருத்துவர் பிரான்செஸ்கோ செராவோ, சிலந்தி நிரபராதி என வாதிட்டார். காரணம் அப்புலிய மக்களின் இயல்பே என்றார். சிலந்தியை விடுவித்து மக்களைக் குற்றவாளியாக்கிய இப்பகுத்தறிவு நமக்கு அந்நியமானதன்று.

ஆடியவருட் பெரும்பாலோர் பெண்கள். ஏழை விவசாயக் குடும்பத்தினர். ஒருமுறை கடிபட்டவர் அடுத்த கோடையிலும் மீண்டும் 'கடிபட்டனர்'. புனித பவுலின் அருள் பெற்ற கலத்தீனா நகரிலோ எவரும் கடிபடுவதில்லை என்பது நம்பிக்கை. நகர எல்லையை மதிக்கும் சிலந்தியை இயற்கையிற் காணவியலாது! யூன் 29ஆந் திகதி, அப்புனிதரின் திருநாளன்று, ஆடியவர்கள் அந்நகரின் சிற்றாலயத்திற் கூடினர். பழைய ஆட்டத்தைத் திருச்சபை தன் கூரையின்கீழ்க் கொணர்ந்தமை இதனாற் புலப்படும்.

1959இல் எர்னெஸ்தோ தெ மார்த்தீனோ தம் குழுவினருடன் சலெந்தோப் பகுதியில் ஆய்வு நடத்தினார். கிராம்சியைக் கற்றவர், கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்திருந்தவர். 1961இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலுள்ள இத்தாலியச் சொல், மனவுறுத்தல் என்றும் மறுகடி என்றும் இருபொருள்படும். அதில் மரியா எனக் குறிக்கப்பெறும் நார்தோ ஊர்ப் பெண்ணின் வரலாறு மனங்கொள்ளத்தக்கது. இளவயதில் தந்தையை இழந்தவள்; பதினெட்டு வயதில் ஓர் இளைஞனைக் காதலித்தாள்; பொருள்நிலையைக் காட்டி அவன் வீட்டார் மறுத்தனர். அதன்பின் அவள் 'கடிபட்டது' வயலிலன்று. நண்பகலில், வீட்டுச் சன்னலருகே. இத்தகையோருக்காக வயலின் வாசித்தவர் லூயிஜி ஸ்திபானி, தொழிலால் நாவிதர். வாத்தியகாரருக்குக் கூலி கொடுக்கவேண்டியதும் அவ்வேழைக் குடும்பங்களே.

இதனை மருத்துவத்தின் தோல்வி என்றோ மக்கள் கலையின் வெற்றி என்றோ போற்ற நாம் முனையவில்லை. சொல்லவொண்ணாத துயருக்குச் சிலந்தி ஒரு பெயர் தந்தது. ஆட்டம் முடிந்ததும் அப்பெண் அதே வீட்டுக்கு, அதே வறுமைக்கு மீண்டாள். அடுத்த யூனில் மறுகடி.

இங்கு வேறொரு செய்தியையும் இணைத்து நோக்குதல் வேண்டும். 1949 முதல் 1951 வரையான காலத்தில், நார்தோவை அடுத்த அர்னேயோவில் நிலமற்ற விவசாயிகள் பெருநிலக்கிழாரின் தரிசு நிலங்களிற் புகுந்து உரிமை கோரினர். வீரஞ்செறிந்த அப்போராட்டம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரும், தெ மார்த்தீனோ வந்தபோது, நார்தோவில் மரியா ஆடிக்கொண்டிருந்தாள். நிலம் கேட்ட இயக்கம் அவளிடம் எதைக் கேட்டிருக்கவேண்டும் என்பது பற்றி நம் எழுத்துக்களில் இன்னும் போதிய விவாதம் நிகழவில்லை.