கர்னலுக்கு மேலே: இராணுவ உயர்பதவிகளும் இல்லாத கணக்கும்

இந்திய இராணுவத்தில் லெப்டினன்ட்டாகச் சேரும் அதிகாரி 2 ஆண்டுகளில் கேப்டன், 6 ஆண்டுகளில் மேஜர், 13 ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல் ஆகிறார். இதுவரையிலான உயர்வு பெரிதும் பணிக்காலத்தைச் சார்ந்தது. கர்னல் முதல் பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் வரையிலான பதவிகளைத் தேர்வு வாரியங்களே தீர்மானிக்கின்றன. தேர்வு பெறாதோருக்குக் காலமுறைக் கர்னல் என்றோர் ஆறுதல் பதவி உண்டு. வாரியத்தின் முன் வைக்கப்படும் முதன்மைச் சான்று, மேலதிகாரிகள் எழுதும் ஆண்டு இரகசிய அறிக்கை.

இவ்வேணியின் எந்தப் படியிலும் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை. 1992ஆம் ஆண்டின் இந்திரா சகானி தீர்ப்பும், குடிமைப் பணியிடங்கள் நீங்கலாக, பாதுகாப்புப் படைகளை ஒதுக்கீடு உகந்ததல்லாத பணிகளுள் எண்ணியது.

படையில் சாதியே கிடையாது என்பது வழக்கமான விடை. பெயரிலேயே சாதியைத் தாங்கிய படைப்பிரிவுகளை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எளிதன்று. அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் சுபேதாராக விளங்கியவர். பின்னர் 1890களில் மகர்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. அம்பேத்கரும் பிறரும் போராடிய பின்னரே 1941இல் மகர் படைப்பிரிவு உருவானது. அப்பிரிவின் அதிகாரிகளான கே.வி.கிருஷ்ணா ராவ் 1981இலும், செங்கல்பட்டில் பிறந்த கே.சுந்தர்ஜி 1986இலும் தரைப்படைத் தளபதி ஆயினர். இருவரும் மகர் அல்லர். அதிகாரி எச்சாதியினராயினும் எப்பிரிவிலும் பணிபுரியலாம் என்ற விதி அவர்களுக்கு நன்றாகவே பயன்பட்டது. அப்பிரிவிற்குப் பெயர் தந்தவர்களுள் எத்தனை பேர் ஜெனரல் நிலையை எட்டினர் என்பதே நாம் கேட்க வேண்டியது.

சட்டச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அதிகாரிகளின் சாதிவாரிக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. பதவி உயர்வில் ஒதுக்கீட்டிற்கோ, அளவிடத்தக்க தரவு வேண்டும் என்றது 2006இன் நாகராஜ் தீர்ப்பு. தரவைத் திரட்ட வல்லது அரசு மட்டுமே. அது திரட்டாதவரை போதாமையை மெய்ப்பிக்க எவராலும் இயலாது.

ஆயினும் ஒரு வழி திறந்துள்ளது. பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி தொடர்பான நிதிஷா வழக்கில் (2021), மறைமுகப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. விதி நடுநிலையாகத் தோன்றினாலும் அதன் விளைவு ஒரு பிரிவினரை விலக்குமாயின், உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவ்வழக்கில் இரகசிய அறிக்கைகள் எழுதப்பட்ட முறையே ஆய்வுக்குள்ளானது. பாலினத்திற்குப் பொருந்திய இவ்வளவுகோல் சாதிக்கும் பொருந்த வேண்டும் என்பது என் வாதம்.

தனி அதிகாரி ஒருவர், 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ் மைய அரசிடம் முறையிடலாம். தீர்வு கிடைக்காவிடில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.