குலுக்கல் நோட்டீஸ்

பரிசுக் குலுக்கல் நோட்டீஸ் என்றால் கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் சைக்கிள் வரவேண்டும். 1970-களில் திண்டுக்கல்லில், அப்பாவின் அச்சகத்தில் நான் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய மாதம் வந்த ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான். முதல் பரிசு சைக்கிள், இரண்டாவது டிரான்சிஸ்டர், மூன்றாவது எவர்சில்வர் குடம். தாள் ரோஸிலோ மஞ்சளிலோ இருக்க வேண்டும். ஜட்கா வண்டியில் குழாய் ரேடியோ கட்டி, தெருத் தெருவாக நோட்டீஸை வீசிக்கொண்டே போவார்கள். வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு ஒரு ஸ்லைடு. சிறிய கடையின் விளம்பரம் அவ்வளவுதான், அதுவே ஊருக்குப் போதும்.

நோட்டீஸைவிடக் கூப்பன்தான் கடினமான வேலை. ஒவ்வொரு கூப்பனும் இரண்டு துண்டு: ஒன்று வாடிக்கையாளர் கைக்கு, அடிக்கட்டை கடைப் பெட்டிக்கு. இரண்டிலும் ஒரே எண் விழவேண்டும். டிரெடில் அச்சு இயந்திரம் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நம்பரிங் மெஷினின் சக்கரம் ஓர் எண் நகரும். மை இறுகிச் சக்கரம் சிக்கிக்கொண்டால் ஒரே எண் இருவருக்குப் போய்விடும். அதனால் அப்பா கட்டுக் கட்டாக எடுத்து வைத்து எண் சரிபார்ப்பார். அந்தச் சிரத்தையை நான் இன்றும் மதிக்கிறேன். பத்து ரூபாய்க்கு ரவிக்கைத் துணி எடுத்தவர், அந்தத் துண்டுத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்.

அச்சடித்த தாள் எதுவானாலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் அதில் இருக்கவேண்டும் என்றது அன்று நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் பெயர் நிற்கும். குலுக்கல் நாள் கழிந்ததும் அந்தப் பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் எங்களிடமே வருவார்கள். "தம்பி, சைக்கிள் எந்த நம்பருக்குய்யா விழுந்துச்சு?" என்று கேட்பார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்? போட்டியை அறிவிக்க ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்த கடைகளில், முடிவை அறிவிக்க ஒரு நூறு அடித்தவை மிகச் சில. சிலர் கடை வாசலில் மைக் வைத்து, ஊர்ப் பெரியவரை அழைத்து, சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுக்க வைத்தார்கள். அவர்களிடம் மறு வருடமும் கூட்டம் நின்றது. மற்றவர்களிடம் சைக்கிள் முதலாளியின் மைத்துனருக்குப் போய்விட்டது என்று ஊர் பேசியது. உண்மையோ பொய்யோ, முடிவு அச்சில் வராத வரை அந்தப் பேச்சை யாராலும் நிறுத்த முடியாது.

மக்கள் முடிவை எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசே லாட்டரிச் சீட்டு தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டு வாங்கியவர் முடிவைச் செய்தித்தாளில் எண்ணோடு பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பழகிய கண்ணுக்கு ஜவுளிக்கடையின் மௌனம் உறுத்தாமல் இருக்குமா?

பிறகு சட்டங்கள் வந்தன. 1978-இல் பரிசுச் சீட்டு நிதிகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்த மத்தியச் சட்டம், அவற்றுக்கான சீட்டையும் கூப்பனையும் அச்சிடுவதையே குற்றமாக்கியது. எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அதன் பிறகு எந்தக் கூப்பன் வந்தாலும் இரண்டு முறை படித்துப் பார்த்தார்கள். ஆனால் கடைக் குலுக்கலை நேராகத் தொட்டது அடுத்த வருடத்துச் சட்டம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், 1979. பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்து பரிசு தருவதே கூடாது என்றது அது. நாடு முழுக்க வரும் சோப்பு, பிஸ்கட் போட்டிகளின் அடியில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்ற வரி வந்தது இதனால்தான். செல்போனில் பணம் அனுப்பினால் கிடைக்கும் சுரண்டல் அட்டைகளின் விதிமுறைகளிலும் அந்த வரி தொடர்ந்தது.

இந்தத் தடை தேவைக்கு மேல் கடுமையானது என்பது என் எண்ணம். வேண்டியிருந்தது வெளிச்சம்தான். 2002-இல் நிறைவேறி, 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத் திருத்தம் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது: இலவசப் பரிசுத் திட்டம் முடிந்ததும் அதன் முடிவைப் பங்கேற்றவர்களுக்கு மறைப்பது முறையற்ற வணிகம். திட்டத்தை விளம்பரம் செய்த அதே செய்தித்தாளில், உரிய காலத்துக்குள், கண்ணில் படும்படி முடிவையும் வெளியிட்டால், அறிவித்ததாகக் கொள்ளப்படும். 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்திலும் இது இருக்கிறது. எங்கள் அச்சகத்துப் படியேறி வந்து கேட்டவர்களின் கேள்விக்கு, கால் நூற்றாண்டு கழித்துச் சட்டம் சொன்ன பதில் இது. அதே 2003-இல், ஜனவரியில், தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையும் நின்றது.

நம் ஊர்க் கடைகள் பெரும்பாலும் வேறு வழிக்குப் போய்விட்டன. இத்தனை ரூபாய்க்கு எடுத்தால் குடம் நிச்சயம், இத்தனைக்கு எடுத்தால் டிபன் கேரியர் நிச்சயம், எதற்கும் ஒரு கட்டைப்பை உண்டு. குலுக்கல் இல்லாததால் சட்டத்துக்கும் வேலை இல்லை. விளம்பரத்தின் செலவும் கூப்பனிலிருந்து பைக்கு மாறியது. கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்ட பை, பஸ்ஸில் ஏறி, பக்கத்து ஊர்ச் சந்தை வரை போகிறது. எங்கள் தெருவில் நம்பரிங் மெஷினை எடைக்குப் போட்ட அச்சகத்துக்காரர்களில் இரண்டு பேர் இன்று துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளி மாதத்தில் அவர்களுக்கும் இரவு வேலைதான்.