சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்: 1869 ஆட்டப் பருவம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரின் பேஸ்பால் அணி, 1869ஆம் ஆண்டு முழுவதும் தோல்வியே காணாமல் ஆடிய பருவம். ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் பேசி நடத்தப்பட்ட முதல் அணி இதுவே என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வெற்றிகளின் எண்ணிக்கை, சம்பளத் தொகை, ஆகஸ்டில் ட்ராய் அணியுடன் நடந்த ஆட்டத்தின் முடிவு ஆகியவற்றில் நூல்கள் ஒன்றுபடவில்லை.

பின்னணி

1857இல் நியூயார்க்கில் கூடிய கழகங்களின் மாநாட்டிலிருந்து பேஸ்பாலுக்கு ஒரு தேசியச் சங்கம் உருவாயிற்று. ஆடுவதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது அச்சங்கத்தின் கட்டுப்பாடு. நடைமுறையில் நுழைவுக் கட்டணத்தில் பங்கு, உள்ளூர்க் கடையில் பெயரளவுக்கு ஒரு வேலை என்று பல வழிகளில் பணம் கைமாறியது. புரூக்ளின் எக்செல்சியர் கழகத்தின் ஜிம் கிரைட்டன் 1860 வாக்கிலேயே மறைவாகச் சம்பளம் பெற்றிருக்கலாம் என்பர். 1867இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியில் ஆடிய ஜார்ஜ் ரைட் அரசாங்க எழுத்தர் என்று பதிவாகியிருந்ததாகவும், அவர் பணியிடமாகக் காட்டிய முகவரியில் ஒரு பொதுப்பூங்காதான் இருந்ததாகவும் ஒரு செய்தி நூலுக்கு நூல் தொடர்ந்து வருகிறது. 1868ஆம் ஆண்டின் இறுதியில் சங்கம் தன் தடையைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட கழகங்கள் தம்மைத் தொழில்முறைக் கழகங்களாக அறிவித்துக்கொண்டன. ஆகவே சின்சினாட்டியை மட்டும் தனித்து முதலிடத்தில் வைப்பதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

சின்சினாட்டி கழகம் 1866இல் அந்நகரத்து இளம் வழக்கறிஞர்களின் முயற்சியால் தோன்றியது. 1867இல் அது கண்ட ஒரே தோல்வி, வாஷிங்டன் நேஷனல்ஸிடம் 53-10 என்ற கணக்கில். வென்ற அணியில் ஜார்ஜ் ரைட் இருந்தார்.

ஹாரி ரைட்டும் அவருடைய அணியும்

அணியின் தலைவரும் பயிற்சியாளருமான ஹாரி ரைட், ஜார்ஜின் அண்ணன். 1835இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். தந்தை சாம் ரைட், நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கழகத்தில் கூலிக்கு ஆடிய கிரிக்கெட் வீரர். ஹாரியும் கிரிக்கெட் வீரராகவே சின்சினாட்டிக்கு வந்தார்: 1865இல் யூனியன் கிரிக்கெட் கழகம் ஆண்டுக்கு 1,200 டாலர் கொடுத்து அவரை அமர்த்தியது. பேஸ்பால் கழகமும் அதே மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார். கிரிக்கெட்டில் சம்பளம் வாங்குவது மானக்குறைவாக எண்ணப்படாத குடும்பத்தில் வளர்ந்தவர், அந்த வழக்கத்தைப் பேஸ்பாலுக்கும் கொண்டுவந்தார் என்று கொள்வதில் தவறில்லை.

கழகத் தலைவரான வழக்கறிஞர் ஆரன் சாம்பியன் பணம் திரட்ட, ஹாரி ஆள் திரட்டினார். ஒப்பந்தம் மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை எட்டு மாதத்துக்கு. அதிகம் வழங்கும் பட்டியலின்படி ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ் ரைட்டுக்கு 1,400 டாலர், ஹாரிக்கு 1,200, பந்தெறியும் ஏசா பிரெய்னார்டுக்கு 1,100, மூன்றாம் பேஸ் காத்த ஃபிரெட் வாட்டர்மனுக்கு 1,000. கேட்சர் டக் அலிசன், சார்லி கூல்டு, சார்லி ஸ்வீசி, ஆண்டி லெனர்டு, கால் மெக்வே ஆகிய ஐவருக்கும் தலைக்கு 800. மாற்று ஆட்டக்காரர் டிக் ஹர்லிக்கு 600. ஆகமொத்தம் 9,300 டாலர். தொகையைக் கூட்டிக் காட்டும் பட்டியல்களும் உள்ளன.

ஹாரி எல்லார்ட் 1907இல் சின்சினாட்டி பேஸ்பால் பற்றி எழுதிய நூல் இவர்களின் பழைய தொழில்களையும் பதிந்து வைத்திருக்கிறது. ஹாரி நகைத் தொழிலாளி, ஜார்ஜ் உலோகத்தில் எழுத்துப் பொறிப்பவர், லெனர்டும் ஸ்வீசியும் தொப்பி செய்பவர்கள், மெக்வே பியானோ செய்பவர், கூல்டு கணக்கெழுதுபவர், பிரெய்னார்டும் வாட்டர்மனும் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர்கள். ஆட்டக்காரர் என்பதே ஒரு தொழிலாகாத காலத்தில், ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் ஒரு கைத்தொழில் நின்றதை இப்பட்டியல் காட்டுகிறது. சின்சினாட்டியிலேயே பிறந்தவர் கூல்டு ஒருவர்தான், மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள்.

முழங்கால் வரையுள்ள கால்சட்டையும், அதற்குக் கீழே கண்ணைப் பறிக்கும் சிவப்புக் காலுறையும் அணியின் சீருடை. அதுவரை பேஸ்பால் ஆடுவோர் நீளக் கால்சட்டையே அணிந்தனர். ஆண்கள் இப்படிக் கால் தெரிய நிற்பதைச் சிலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். பெர்த்தா பெர்ட்ராம் என்ற தையல்காரப் பெண் இச்சீருடையைத் தைத்ததாகச் சொல்லப்படுகிறது. அணியின் பெயர் அந்தக் காலுறையால் வந்தது.

அன்றைய ஆட்டம் இன்றையதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பந்தை 45 அடி தூரத்திலிருந்து கையைத் தாழ வீசித்தான் எறிய வேண்டும். கையுறை கிடையாது, கேட்சருக்கு முகமூடியும் இல்லை. வெறுங்கையால் பிடித்ததால் தவறுகள் மலிந்தன. ஓர் ஆட்டத்தில் முப்பது, நாற்பது ரன் குவிவது சாதாரணம். இந்த நிலையில்தான் ஹாரியின் ஒழுங்கு பலன் தந்தது. அன்றாடப் பயிற்சி, ஒருவர் பந்தைத் தவறவிட்டால் பின்னால் மற்றொருவர் நிற்பது, யார் பிடிப்பது என்று குரல் கொடுப்பது ஆகியவற்றை அவர் விடாமல் வற்புறுத்தினார். பிரெய்னார்டின் வேகத்துக்குப் பழகிய மட்டையாளர்களுக்கு நடுவில் தானே வந்து மிக மெதுவான பந்தை எறிந்து திணறடிப்பதும் அவர் வழக்கம்.

கிழக்குப் பயணம்

பருவத்தின் பிற பகுதிகளைவிட ஜூன் மாதத்தைப் பற்றி மிக விரிவான செய்தி கிடைக்கக் காரணம், ‘சின்சினாட்டி கமர்ஷியல்’ நாளிதழின் செய்தியாளர் ஹாரி மில்லர் அணியோடு பயணம் செய்து நாள்தோறும் தந்தி அனுப்பியதுதான். ஏப்ரல், மே ஆட்டங்களைப் பற்றிப் பெரும்பாலும் எண்களே எஞ்சியுள்ளன. மே 4இல் உள்ளூர் கிரேட் வெஸ்டர்ன் அணியை 45-9 என வென்றது அவற்றுள் ஒன்று.

மே மாத இறுதியில் அணி ரயிலேறியது. கிளீவ்லாந்து, பஃபலோ, ராச்செஸ்டர் வழியாக ட்ராய் சென்று, அங்கே ஹேமேக்கர்ஸ் அணியை 37-31 என்று வென்றது. ஸ்பிரிங்ஃபீல்டில் 80-5. பாஸ்டனில் ஹார்வர்டு மாணவர்களும் 30-11 என்று தோற்றனர். எனினும் நியூயார்க்கையும் புரூக்ளினையும் வெல்லாமல் ஓர் அணிக்கு மதிப்பில்லை என்பதே அன்றைய எண்ணம்.

ஜூன் 15இல் நியூயார்க் மியூச்சுவல்ஸுடன் நடந்த ஆட்டம் அந்த எண்ணத்தை மாற்றியது. முப்பது ரன்னை எதிர்பார்த்து வந்த கூட்டம், ரன் மிக அரிதாக வந்த ஆட்டத்தைப் பார்த்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் மியூச்சுவல்ஸ் 2-2 எனச் சமன் செய்தது. சின்சினாட்டி தன் முறையில் இரண்டு ரன் எடுத்து 4-2 என வென்றது. இரு பக்கமும் இவ்வளவு சுத்தமாகப் பந்து பிடித்த ஆட்டம் அதற்குமுன் நடந்ததில்லை என்று அக்கால எழுத்தாளர்கள் வியந்தார்கள். சின்சினாட்டியில் கிப்சன் ஹவுஸ் விடுதி வாசலில் தந்திக்காக ஆயிரக்கணக்கானோர் காத்து நின்றனர். மறுநாள் புரூக்ளின் அட்லான்டிக்ஸ் 32-10, அதற்கு மறுநாள் எக்ஃபோர்ட்ஸ் 24-5. மூன்றே நாளில் கிழக்கின் மூன்று பெரிய அணிகள் வீழ்ந்தன.

பிறகு ஃபிலடெல்ஃபியாவில் அத்லெட்டிக்ஸ் 27-18 எனத் தோற்றது. வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கிராண்ட் ஆட்டக்காரர்களைச் சந்தித்தார். ஜூலை 1இல் ஊர் திரும்பியவர்களை வரவேற்க ரயில் நிலையத்திலேயே கூட்டம் திரண்டது. 27 அடி நீளத்தில், ஆட்டக்காரர்களின் பெயர் எழுதிய ஒரு மரமட்டையைப் பரிசாகத் தந்தார்கள். நாட்டுத் தலைவராக இருப்பதைவிட இந்தக் கழகத்தின் தலைவராக இருப்பதையே விரும்புவேன் என்று சாம்பியன் அந்நாட்களில் சொன்னதாக வழங்குகிறது.

ட்ராய் தகராறு

ஆகஸ்டு 26இல் ட்ராய் ஹேமேக்கர்ஸ் சின்சினாட்டிக்கு வந்தது. ஆட்டம் 17-17 என்றிருந்தபோது, மெக்வேயின் மட்டையில் உரசிய பந்தைத் தான் பிடித்துவிட்டதாக ட்ராய் கேட்சர் பில் கிரேவர் வாதிட்டார், அம்பயர் ஏற்கவில்லை. ட்ராய் கழகத் தலைவர் தம் அணியை மைதானத்தைவிட்டே அழைத்துப் போய்விட்டார். அம்பயர் ஆட்டத்தைச் சின்சினாட்டிக்கு அளித்தார். ட்ராய் அணியின் பின்னால் முன்னாள் குத்துச்சண்டை வீரரும் சூதாட்ட விடுதிக்காரருமான ஜான் மாரிசி இருந்ததாகவும், பந்தயத்தில் கட்டிய பெருந்தொகையைக் காக்கவே சண்டை கிளப்பப்பட்டதாகவும் பலர் எழுதியுள்ளனர். இதற்கு நேர்ச்சான்று இல்லை. இந்த ஆட்டத்தை வெற்றியாக எண்ணுவோரும் சமநிலையாக எண்ணுவோரும் உள்ளனர். சங்கத்தில் சேர்ந்த கழகங்களுடன் ஆடியவற்றை மட்டும் கணக்கிட்டால் 57 வெற்றி என்பது பரவலான முடிவு. மற்றவற்றையும் சேர்ப்போர் அறுபதுக்கு மேல் கொள்வர்.

மேற்குப் பயணமும் கணக்கும்

கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை 1869 மே 10இல் பூர்த்தியானது. அதே ஆண்டு செப்டம்பரில் அணி அதில் ஏறி சான் ஃபிரான்சிஸ்கோ சென்றது. அங்கு எல்லா ஆட்டங்களும் 35-4, 66-4, 76-5 என்ற வகையிலேயே முடிந்தன. நவம்பர் தொடக்கத்தில் மியூச்சுவல்ஸை மீண்டும் வென்றதோடு பருவம் முடிந்தது. அணி கடந்த தூரம் ஏறத்தாழ 12,000 மைல். ஜார்ஜ் ரைட் 49 ஹோம் ரன் அடித்தார் என்பர். எந்தெந்த ஆட்டங்களைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இவ்வெண்கள் மாறும்.

கழகத்தின் வரவு 29,726 டாலர் 26 சென்ட். செலவு 29,724 டாலர் 87 சென்ட். தோல்வியே காணாத ஆண்டின் முடிவில் கையில் மிஞ்சியது 1 டாலர் 39 சென்ட்.

1870உம் கலைப்பும்

வெற்றித் தொடர் 1870 ஜூன் 14 வரை நீண்டது. 81 ஆட்டங்கள் என்பது பொதுவான கணக்கு. அன்று புரூக்ளினின் கேபிட்டோலைன் மைதானத்தில் அட்லான்டிக்ஸுடன் ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. எதிரணி சமநிலையோடு கிளம்பத் தயாராக இருந்தது. தொடர்ந்து ஆட வேண்டும் என்று நின்றவர் ஹாரி ரைட். பதினோராம் இன்னிங்ஸில் சின்சினாட்டி இரண்டு ரன் எடுக்க, அட்லான்டிக்ஸ் மூன்று எடுத்து 8-7 என வென்றது. அப்போது பார்வையாளர் ஒருவர் பந்தெடுக்கக் குனிந்த மெக்வேயின் மேல் விழுந்ததாகச் சில குறிப்புகள் கூறும். வேறு சில மறுக்கும். தோற்றாலும் தலைகுனிய வேண்டியதில்லை என்ற பொருளில் சாம்பியன் ஊருக்குத் தந்தி அனுப்பினார். விதிப்படி கிடைத்திருக்கக்கூடிய சமநிலையை விட்டு ஆடித் தோற்றது, இந்த அணியின் வரலாற்றில் எந்த வெற்றிக்கும் குறைந்ததல்ல.

அதன்பின் கூட்டம் குறைந்தது. மேலும் சில தோல்விகள் வந்தன. சாம்பியன் பதவி விலகினார். ஆண்டிறுதியில் இனிச் சம்பள ஆட்டக்காரர் வேண்டாம் எனக் கழகம் முடிவு செய்தது. ரைட் சகோதரர், கூல்டு, மெக்வே ஆகியோர் பாஸ்டன் சென்று பெயரையும் கொண்டு போயினர். பாஸ்டன் அணி 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது. இன்றைய அட்லான்டா பிரேவ்ஸின் மூதாதை அதுவே. மற்றவர் பலர் வாஷிங்டன் ஒலிம்பிக்ஸில் சேர்ந்தனர். 1874இல் ஹாரி பாஸ்டன் அணியை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் அங்கு கிரிக்கெட்டும் ஆடினர்.

பிற்காலம்

இன்றைய சின்சினாட்டி ரெட்ஸ் 1880களின் தொடக்கத்தில் உருவான வேறொரு கழகம். 1869 அணியோடு நேர்த்தொடர்ச்சி உண்டா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. 1969இல் தொழில்முறைப் பேஸ்பாலின் நூற்றாண்டும், 2019இல் நூற்றைம்பதாம் ஆண்டும் 1869ஐத் தொடக்கமாக வைத்தே கொண்டாடப்பட்டன. பேஸ்பால் புகழ்மன்றத்தில் ஜார்ஜ் ரைட் 1937இலும் ஹாரி ரைட் 1953இலும் சேர்க்கப்பட்டனர். 1869 அணியில் வேறு எவருக்கும் அவ்விடம் கிடைக்கவில்லை.