கட்டி வைத்தால் விழமாட்டார்களா?

சில வருஷத்துக்கு முன்னால் ஆலங்குளத்தில் எங்க ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி போய்ப் பார்த்தால், ரெண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "கட்டலைன்னா எந்திரிச்சு விழுந்துருவாங்க சார்" என்றார் நர்ஸ். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த உறுத்தலில்தான் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஆச்சிக்கு வந்தது மறதி நோய் இல்லை, டெலிரியம். மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்திலேயே ஆளைக் குழப்பிவிடும். அறுவை சிகிச்சை, கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள், தூக்கமின்மை என்று பல காரணம். பெரும்பாலும் சரியாகக்கூடியது.

கட்டி வைப்பது பழைய வழக்கம். லண்டன் அருகே ஹான்வெல் மனநல விடுதியில் 1839-ல் ஜான் கோனொலி அதைக் கைவிட்டுக் காட்டினார். ஆனாலும் முதியோர் பராமரிப்பில் அது தொடர்ந்தது. அமெரிக்காவில் 1987-ல்தான், ஊழியர்களின் வசதிக்காக முதியோரைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. 1992-ல் மேரி டினெட்டி குழுவினர் பராமரிப்பு இல்லங்களில் 397 பேரைக் கவனித்து எழுதிய ஆய்வு வெளிவந்தது. விழுந்து பலத்த காயம் பட்டவர்கள், கட்டப்படாதவர்களில் 5 சதவீதம்; கட்டப்பட்டவர்களில் 17 சதவீதம்! கட்டப்பட்டவர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்கள்தானே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் கட்டு அவர்களைக் காப்பாற்றியதற்கு ஆதாரம் இல்லை. படுத்தே கிடந்தால் தசை தளரும், திமிறினால் காயம் படும், கட்டில் கம்பியை ஏறித் தாண்டினால் இன்னும் உயரத்திலிருந்து விழவேண்டும்.

அப்போ என்னதான் செய்வது? 1999-ல் ஷரான் இனோயே குழு 70 வயது தாண்டிய 852 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது ரொம்ப எளிமையான விஷயங்கள். கண்ணாடி போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது, நடக்க வைப்பது, ராத்திரி தூங்க விடுவது. டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தார்கள்.

நம்ம ஊருக்கு இந்தப் பாடம் கொடூரமாக வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்தது. உடலைக் கட்டுப்படுத்த வேறு வழியே இல்லாதபோது மட்டும் அனுமதி. ஊழியர் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. இது மனநல நிலையங்களுக்கான சட்டம். ஆனால் எலும்பு வார்டில் ராத்திரி தனியாக நிற்கும் நர்ஸின் நிலைமையும் அதே பற்றாக்குறைதான். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

மறுநாள் காலை அம்மா வந்தாள். ஆச்சியின் விரல்கள் காற்றில் எதையோ சுருட்டிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷம் பீடி சுத்தின கை. அம்மா கட்டை அவிழ்த்துக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "என்னம்மா வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போணும்ட்டி. ராத்திரி பூரா சொல்லுதேன், ஒருத்தரும் கேக்கல."

அதற்காகத்தான் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். முந்தின ராத்திரி அதை நான் கேட்டிருக்கலாம்.