அளவுகோலும் ஆக்சிஜனும்: முதுமையின் மனச்சோர்வில் காரணத்தைத் தேடுதல்

மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் தடயங்கள் சற்றே கூடுதலாகக் காணப்படுகின்றன. பிரியா பால்டாவும் அவருடைய குழுவினரும் 23 ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைக் காட்டியது. மறு ஆண்டு நெதர்லாந்திலிருந்து வந்த இன்னொரு தொகுப்பாய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. ஃப்ரீ ரேடிக்கல்கள் உடலைச் சிறுகச் சிறுக அரிப்பதே முதுமை என்று டென்ஹம் ஹார்மன் 1956-லேயே கருதியிருந்தார். இந்த இரண்டையும் சேர்த்துவைத்து ஒரு முடிவுக்கு வருவது எளிது: வயதாக ஆக ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது, அது மூளையைத் தாக்குகிறது, முதியவரின் மனம் சோர்கிறது; ஆகவே ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்தால் மனம் தெளியும்.

இந்தச் சங்கிலியின் முற்பாதி உறுதியானது. பிற்பாதிக்குச் சான்று போதாது. முதியோரிடம் காணப்படும் தொடர்பில் ஒரு பங்கு நம்முடைய அளவுகோல்களாலேயே உண்டாவது என்றும், எஞ்சிய பங்கு மூளையின் நுண்குழாய்கள் வழியாகவே பெரிதும் நிகழ்கிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் வேதியியலைப் பார்ப்போம். உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம். ஓய்வாக இருக்கும்போதும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் அதன் செல்சவ்வுகளில் நிறைந்திருக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியோ அங்கே குறைவு. மனநிலையோடு நேரடியாகத் தொடர்புடைய இடம் ஒன்றும் உண்டு. செரடோனினையும் டோபமினையும் சிதைக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ், ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பக்கவிளைபொருளாக விடுகிறது. இந்நொதியின் பி-வகை மூளையில் வயதோடு கூடுகிறது. இவ்விரு நரம்பியக்கடத்திகளையும் உருவாக்கத் தேவைப்படும் டெட்ராஹைட்ரோபயோப்டெரின் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாவதும் இங்கே கருதத்தக்கது. ஆக, ஆக்சிஜனேற்ற அழுத்தம் மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதிக்கக்கூடும் என்பதும் பாதித்தது என்பதும் வேறு வேறு.

இனி அளவுகோலுக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வுகள் மனச்சோர்வை வினாப்பட்டியல் கொண்டே அளக்கின்றன. பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 பட்டியலின் ஒன்பது கேள்விகளில் நான்கு உடலைப் பற்றியவை: தூக்கம், களைப்பு, பசி, அசைவில் மந்தம் அல்லது பதற்றம். முப்பது வயதுக்காரர் இந்த நான்கிற்கும் ஆம் என்றால் மனத்தை ஐயுறலாம். எழுபத்தைந்து வயதில் இதயச் செயலிழப்போ, நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ, கட்டுப்படாத நீரிழிவோ உள்ள ஒருவர், மனம் தெளிவாக இருக்கும்போதே இந்நான்கிற்கும் ஆம் என்பார். அதே நோய்கள் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் குறிப்பான்களையும் உயர்த்துகின்றன. நோய் ஒன்று, அது வினாத்தாளில் ஒரு தடவையும் சோதனைக்குழாயில் ஒரு தடவையும் பதிவாகிறது. பிறகு அவ்விரு பதிவுகளையும் ஒப்பிட்டுத் தொடர்பு கண்டோம் என்கிறோம்.

இச்சிக்கலை நன்கு உணர்ந்தே ஜெரோம் யெசவேஜ் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் முதியோருக்கெனத் தனி மனச்சோர்வு அளவுகோலை வகுத்தார்கள். அதன் 30 கேள்விகளுக்கும் ஆம், இல்லை என்று விடை சொன்னால் போதும். உறக்கம், பசி போன்ற உடற்குறிகள் அதில் இடம்பெறவில்லை. வாழ்க்கையில் நிறைவு உண்டா, வாழ்வு வெறுமையாகத் தோன்றுகிறதா என்று மனத்தையே கேட்டார்கள். முதியோரின் ஆக்சிஜனேற்ற ஆய்வுகள் உடற்கேள்விகளையும் மனக்கேள்விகளையும் தனித்தனியே கூட்டிப் பார்த்து இரண்டு முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்பேன். தரவு ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, கூடுதல் செலவில்லை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் தரும் கட்டுரையை வைத்துக் காரணம் பேச முடியாது.

குறிப்பான்களிலும் கவனம் தேவை. நம்பகமான குறிப்பான்களாகக் கருதப்படும் எஃப்2-ஐசோப்ரோஸ்டேன்களைப் புகைபிடித்தல் உயர்த்துகிறது, உடற்பருமனும் உயர்த்துகிறது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இவ்விரண்டுமே அதிகம். இரத்தத்தின் ‘மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்’ என்ற சோதனையோ பெருமளவு யூரிக் அமிலத்தையே அளக்கிறது. சிறுநீரகம் தளர்ந்த முதியவரிடம் அது உயர்வது நலத்தின் அறிகுறியாகாது.

காரணத்தைச் சோதிக்கச் சிறந்த வழி, குலுக்கல் முறையில் மக்களைப் பிரித்து ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் தருவது. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 1,025 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான மூட்ஃபுட் ஆய்வில் செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, ஒமேகா-3 கொண்ட ஊட்ட மாத்திரைகள் ஓராண்டு தரப்பட்டன; மனச்சோர்வு தடுக்கப்படவில்லை. அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு 50 வயதைத் தாண்டிய 18,353 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அங்கே வைட்டமின் டி உதவவில்லை. ஒமேகா-3 எடுத்தவர்களிடம் மனச்சோர்வு சற்று அதிகமாகவே இருந்தது. இவை முழுக்க ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனைகள் அல்ல என்பது உண்மை. ஆனால் முழு ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனைகள் வேறு நோய்களில் தந்த அனுபவம் இன்னும் கடுமையானது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியது.

ஏன் இப்படி? ஆக்சிஜனேற்றப் பொருள்கள் செல்லுக்கு அழிவை மட்டும் தருவதில்லை, செய்தியையும் தருகின்றன. அச்செய்தி கிடைத்தால்தான் செல் தன் சொந்தப் பாதுகாப்பைக் கூட்டும். மைக்கேல் ரிஸ்டோவின் குழு 2009-இல் காட்டியதும் இதையே: வைட்டமின் சி, இ இரண்டையும் அதிக அளவில் எடுத்த இளைஞர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்திறனில் கிடைக்கவேண்டிய பலன் கிடைக்காமல் போயிற்று. முதியவரின் மனநிலைக்கு நன்மை செய்யும் என்று நன்கு அறியப்பட்ட உடற்பயிற்சியின் பலனை மாத்திரை மங்கச் செய்யுமா என்ற கேள்வியை மருத்துவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

ஆனாலும் ஓரிடத்தில் எதிர்வாதத்தின் வலிமையை ஏற்கிறேன். ஜார்ஜ் அலெக்ஸோபுலஸ் 1997-இல் முன்வைத்த ‘இரத்தக்குழாய்சார் மனச்சோர்வு’ அது. முதுமையில் முதன்முறையாக வரும் சோர்வு பலரிடம் அழுகையாக வெளிப்படுவதில்லை. எதிலும் நாட்டமின்மை, சிந்தனையில் மந்தம், திட்டமிட முடியாமை என்று வருகிறது. மூளையின் வெண்பகுதியில் நுண்குழாய்ச் சேதத்தின் அடையாளங்கள் படத்தில் தெரிகின்றன. குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கல் விழுங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய பொருளாகின்றன. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை ஆகியவை இவ்வினையைப் பல பத்தாண்டுகள் தூண்டிவிட்ட பிறகே முன்மூளையின் இணைப்புகள் அறுகின்றன. இங்கே ஆக்சிஜனேற்ற அழுத்தம் காரணச் சங்கிலியின் உண்மையான கண்ணி. ஆனால் எழுபது வயதில் அந்தக் கண்ணியைப் பிடித்து இழுப்பதால் பயனில்லை. நாற்பது, ஐம்பது வயதில் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதே அதற்குரிய தலையீடு. காற்றையும் இதில் சேர்க்க வேண்டும்: அமெரிக்காவில் 64 வயதைத் தாண்டிய சுமார் 89 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு, நுண்துகள் மாசு மிகுந்த இடங்களில் வாழ்வோருக்கு மனச்சோர்வு நோய் கண்டறியப்படுவது அதிகம் என்றது.

இந்தியாவின் நிலை இவ்வாதத்தை இன்னும் அவசரமாக்குகிறது. முதுமையைப் பற்றி 2017-18-இல் நடந்த லாசி (LASI) தேசிய ஆய்வின்படி 60 வயதைத் தாண்டியோரில் 8.3 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும். மருத்துவர் கண்டறிந்ததாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதமே. பத்தில் ஒன்பது பேரை ‘வயசானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடும் ஒரு நாட்டில், விலையுயர்ந்த ஆக்சிஜனேற்றச் சோதனைகளையும் ஊட்ட மாத்திரைகளையும் முன்னிறுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் முதலானோர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வை நினைவுகூர்வது பொருத்தம். சோர்வின் தொடக்கக் குறிகள் இருந்த 181 முதியவர்களில் ஒரு பாதியினரோடு, மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பேசினார்கள். சிக்கல்களைப் பிரித்துப் பார்க்கவும், உறக்கத்தைச் சீராக்கவும், நீரிழிவைக் கவனித்துக்கொள்ளவும், அரசு உதவிகளைப் பெறவும் துணை நின்றார்கள். ஓராண்டில் வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கும் ஆலோசனை பெற்றோரில் 4.4 சதவீதத்தினருக்கும் முழு மனச்சோர்வு வந்தது.

அடுத்த ஆய்வு இத்தகைய தலையீட்டுக்குள்ளேயே நடக்கலாம். தொடக்கத்திலும் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் சிறுநீரில் ஐசோப்ரோஸ்டேன்களை அளந்து, புகைப்பழக்கத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கணக்கில் எடுத்து, உடற்குறிகள் நீக்கிய அளவுகோலால் மனநிலையைப் பதிவு செய்யவேண்டும். குறிப்பான் முதலில் இறங்கி மனம் பின்னால் தெளிந்தால் ஹார்மனின் வழிவந்தவர்கள் பக்கம் சான்று சாயும். மனம் முதலில் தெளிந்து, பிறகு உறக்கமும் உணவும் நடையும் சீராகி, அதன்பின் குறிப்பான் இறங்கினால், இதுவரை காரணம் என்று நாம் எண்ணியதன் பெரும்பகுதி விளைவே என்று ஏற்க வேண்டியிருக்கும்.